இன்னும் ஒரு இதழ்

லூர்தம்மாளின் நாய் சீசருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. மணிக்கொரு தடவை இரண்டு கரண்டி தண்ணீர் புகட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். மற்ற நேரமெல்லாம் அவள் அழுதாள். தையல் ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் அழுகை நின்றது. நாயின் பக்கத்தில் உட்கார்ந்து தலையணை உறையில் ரோஜாப்பூ போட்டாள்.

ஊசிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"மணி தாண்டிருச்சுடா" என்றது கரண்டி.

"இரு. இன்னும் ஒரு இதழ்தான். இப்பத்தான் அவ மூஞ்சி தெளிஞ்சிருக்கு."

"போன இதழுக்கும் இதைத்தான் சொன்னே."

"பூவைப் பத்தி உனக்கென்ன தெரியும்? சும்மா கிட."

கரண்டி சும்மா கிடந்தது. ஊசி வழுக்கிக்கொண்டு ஓடியது. எங்கேயாவது சிக்கினால் அவள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்துவிடுவாள் என்று அதற்குத் தெரியும். அதனால் சிக்கவே இல்லை.

அந்த இதழும் முடிந்தபோதுதான் அது நாயைப் பார்த்தது. நாக்கு காய்ந்து பல்லில் ஒட்டியிருந்தது. கண் மட்டும் லூர்தம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அடப்பாவி, ஒரு தடவை முனகக்கூடாதா?" என்றது ஊசி.

"முனகினா துணியைப் போட்டுட்டு அழ ஆரம்பிச்சிருவா" என்றது சீசர். "தைக்கட்டும். நான் பொறுத்துக்கறேன்."

அதற்குமேல் ஊசியால் ஓட முடியவில்லை. நேராக அவள் விரலில் ஏறியது.

லூர்தம்மாள் விரலைச் சப்பிக்கொண்டே நிமிர்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். "ஐயோ, என் ராசா!" என்று கரண்டியை எடுத்தாள்.

தண்ணீர் உள்ளே போனதும் சீசர் மெல்லத் தலையைத் திருப்பியது.

"பூ நல்லா வந்திருக்குண்ணே" என்றது.

ஊசி துணிக்கு அடிப்பக்கமாக இறங்கி, அங்கேயே நின்றுகொண்டது.