தோளில் ஒரு கை

திண்டிவனத்துச் சின்ன அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் கொண்டுவந்த பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்கிறார்கள். வெளிச்சக்கோடு ஊர்ந்து முடிய, கோட்டக்குப்பத்து ஷிஃபாவின் படம் திரையில் பெரிதாக விரிகிறது. நாற்காலியில் அம்மா, பக்கத்தில் ஐந்து வயது ஷிஃபா, அவள் தோளில் கைவைத்தபடி அத்தா. அவள் பிறக்குமுன்னே குவைத்துக்குப் போய் அங்கேயே இறந்து அடக்கமானவர், இடையில் மகளைப் பார்க்க ஒரே ஒருமுறை வந்தார் என்று அம்மா சொன்னதற்கு இந்தப் படம்தான் சாட்சி. படங்களை ஆராயும் அருணா, அத்தாவைச் சுற்றி ஓடும் கத்தரித்த தடத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். “இவர மட்டும் வேற படத்துலேர்ந்து வெட்டி ஒட்டியிருக்காங்கக்கா. வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு அப்போ ஸ்டுடியோவுல இப்படித்தான் பண்ணுவாங்க.” அடுத்த படத்துக்காக ஸ்கேனர் மூடி திறக்கிறது. ஷிஃபாவின் விரல்கள் தாமாக இடது தோளுக்குப் போகின்றன. “இல்லம்மா,” என்கிறாள், “அந்தக் கை சூடா இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.”