துணைக்கு வந்தவள்

"டாக்டர், இந்த மனுஷனுக்குக் கண்ணும் போச்சு, புத்தியும் போச்சு. எதை முதல்ல பாக்கணுமோ பாருங்க!"

கண் ஆஸ்பத்திரியின் மூன்றாம் எண் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சிஸ்டரம்மா ஆரம்பித்துவிட்டாள். முப்பத்தைந்து வருஷம் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எழுபது வயதாகியும், உலகத்தில் எல்லாரும் நோயாளிகள், தான் ஒருத்திதான் நர்ஸ் என்ற நினைப்பு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. தெரு முழுக்க அவளைச் 'சிஸ்டரம்மா' என்றுதான் கூப்பிடும். அவளுடைய பிடியில் கணவரின் மணிக்கட்டு இருந்தது. அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"வர்ற வழியெல்லாம் மானம் போகுது டாக்டர். படி வந்தா 'படி, படி'ன்னு கத்துறாரு. பள்ளம் வந்தா 'பள்ளம், பள்ளம்'னு கத்துறாரு. டிரைவர் வேலை போய் இப்போ கண்டக்டர் வேலை பாக்குறாரு!"

டாக்டர் சின்ன வயசுப் பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "எத்தனை நாளா இப்படிம்மா?"

"மூணு மாசமா. வாக்கிங் போறதில்ல. கேரம் ஆட சிநேகிதங்க வந்து கூப்பிட்டா, வரலைன்னு துரத்திடுறாரு. நான் அடுப்படிக்குப் போனா பின்னாலயே வந்து தூண் மாதிரி நிக்கிறாரு. டிவி போட்டா, 'இப்போ அவ கதவைத் திறக்கிறா, இப்போ அவன் அழுவுறான்'னு ஒண்ணு விடாம ஒப்பிக்கிறாரு. ஏன்னு கேட்டா, தனக்குச் சரியாத் தெரியுதான்னு சோதிச்சுப் பாக்குறாராம். நர்ஸுக்கே கதை விடுறாரு!"

டிரைவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மேலதிகாரி முன்னால் நிற்கிறவர் முகம் போலிருந்தது அவர் முகம்.

"அது போகட்டும். சர்க்கரை டப்பாவுல உப்பைக் கொட்டி வெச்சிருக்காரு. வந்த விருந்தாளி ஒரு வாய் காப்பியைக் குடிச்சிட்டு அப்படியே எந்திரிச்சுப் போயிட்டாங்க. இன்னொரு நாள் அடுப்பைச் சரியா மூடாம, வீடு பூரா கேஸ் வாடை. யாரு பண்ணினதுன்னு கேட்டா கொஞ்சங்கூடக் கூச்சமில்லாம, 'நான்தான்'ங்கிறாரு."

"ஐயா, அம்மா சொல்றதெல்லாம் உண்மையா?"

"உண்மைதான் டாக்டர். எல்லாம் நான்தான்."

"பாத்தீங்களா? ஒரு ரோஷம் உண்டா? எங்க வார்டுல கால் போனவனெல்லாம் இவரை விடத் தெம்பா இருந்தான்!"

இளக்காரம் இளக்காரம்தான். ஆனால் அதற்கு அடியில் பயம் இருந்தது. ஒரு காலத்தில் ஊரே அதிரச் சிரித்த மனிதர், இப்படியே வீட்டுக்குள் முடங்கிப் போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்ற பயம். பயத்தைப் பயமாகச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை, அதனால் திட்டினாள்.

"புரையா இருந்தா இன்னிக்கே ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துடுங்க. கண்ணு தெளிஞ்சா மனசும் தெளிஞ்சுடும். இவருக்கு வேற சீக்கு இல்ல."

"நீங்க எப்படி இருக்கீங்கம்மா? வெளிய தெருவ போறதுண்டா?"

"இந்தக் குழந்தையை விட்டுட்டு எங்க போறது? போனாத்தான் என்ன, மனுஷங்களா இருக்காங்க? கூட வேலை பாத்தவளுங்க எதிர்ல வந்தாக்கூட ஒரு சிரிப்பு கிடையாது. அவ்வளவு திமிர். போங்கடின்னு நானும் பேசுறதை விட்டுட்டேன்."

டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டு, கண் சோதிக்கும் கருவியைக் காட்டினாள். "ஐயா, இங்க வந்து உக்காந்து, தாடையை இதுல வைங்க."

டிரைவர் எழுந்தார். கருவியைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். "எனக்குப் பயமா இருக்கு. நீ ஒரு தடவை உக்காந்து காட்டேன்."

சிஸ்டரம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கேட்டுக்கோங்க டாக்டர்! எதிர்ல வர்ற லாரிக்கே வழி விடாத சூரர், ஒரு சின்ன விளக்கைப் பாத்துப் பயப்படுறாரு. தள்ளுங்க! ஊசின்னா கையைக் காட்டிட்டு அழுவுற குழந்தைங்க எத்தனை பேரைப் பாத்திருக்கேன், இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல."

அவள் உட்காரப் போன நேரத்தில், டிரைவர் காலால் ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தி நேராக வைத்தார். அவள் தாடையைக் கருவியில் வைத்தாள். "நல்லாப் பாத்துக்கோங்க. இவ்வளவுதான். தலையை வெட்டவா போறாங்க?"

டாக்டர் வலது கண்ணைப் பார்த்தாள். இடது கண்ணைப் பார்த்தாள். மறுபடியும் வலது கண்ணைப் பார்த்தாள்.

"போதும் டாக்டர், இவருக்கு இதுக்கு மேலயா காட்டணும்? மரமண்டைக்குக்கூட இந்நேரம் புரிஞ்சிருக்கும்."

டாக்டர் விளக்கை அணைத்தாள். சிஸ்டரம்மாவின் தலைக்கு மேலாக டிரைவரைப் பார்த்துச் சொன்னாள். "போன வாரம் ஃபோன்ல நீங்க சொன்னது சரிதான் ஐயா. அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்திப்போச்சு. ஆபரேஷன் முடிஞ்சா, சிநேகிதிங்க எதிர்ல சிரிச்சிட்டு வர்றதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும்."

சிஸ்டரம்மா திரும்பினாள். கணவரின் முகம் இருக்கும் பக்கமாக உத்தேசமாகப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷம் ஒரு வார்டையே மிரட்டிய குரல் உள்ளே போயிருந்தது.

"அப்போ... அந்த உப்பு? அந்த அடுப்பு?"

"நான்தான்" என்றார் டிரைவர், பழக்க தோஷத்தில்.