மூன்றாவது சாக்கு

கடிகாரம் பழுது பார்க்கிறவர், வேலைக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, பின்கட்டில் மூன்றாவது சாக்கின் முன்னால் குந்தியிருக்கிறார். சாய்வெயில் செடியின் மேல் விழுகிறது. மைத்துனர் அனுப்பிய ஊதாத்தோல் உருளைக்கிழங்கு மூன்றையும் சாக்குக்கு ஒன்றாக நட்டிருந்தார்கள். முதல் இரண்டையும் கிழங்கு வைத்துவிட்டதா என்று வாரம் தவறாமல் பிடுங்கிப் பார்த்தே அவர் ஒரு வழி பண்ணிவிட்டார். மூன்றாவது மட்டும் மனைவியின் காவலில் பிழைத்து நிற்கிறது. இன்று அதன் கீழிலைகளும் மஞ்சளாகத் தொங்குகின்றன. உள்ளே தையல் மெஷின் சத்தம் நிற்கிறது. கழுத்தில் அளவு நாடாவோடு அவள் வந்து நிற்கிறாள். "இதுலயும் கைய வச்சீங்களா?" "சத்தியமா தொடவே இல்ல." அவள் ஓர் இலையைப் புரட்டிப் பார்க்கிறாள். முகம் வாடிப்போகிறது. "சரி, பாருங்க. வேரை அசைக்காம பாருங்க." பொடித் திருகாணிகளோடு பழகிய இரண்டு விரல்கள் சாக்கின் ஓரமாக மண்ணுக்குள் இறங்குகின்றன. மெதுவாகத் துழாவுகின்றன. ஓரிடத்தில் நிற்கின்றன. அவர் மண்ணை மெல்ல விலக்குகிறார். கோலிக்குண்டு அளவில், ஈரத்தில் மினுங்குகிற ஊதா. அதை ஒட்டி இன்னொன்று. இத்தனை நாள் காவல் காத்தவளுக்கு இப்போது இருப்புக் கொள்ளவில்லை. "ஒண்ணே ஒண்ணு எடுங்களேன். கையில வச்சுப் பாத்துட்டுத் தரேன்." "நீ சும்மா இரு," என்கிறார் அவர். விலக்கிய மண்ணைப் பிடி பிடியாகத் திருப்பிப் போட்டு, உள்ளே இருந்த ஒன்றையும் கழற்றாமல், மூடுகிறார்.