அழித்த வரி

திண்டுக்கல்லில் அந்த ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது சிஸ்டர் ஐரினைப்போல் சந்தோஷப்பட்டவர் இல்லை. அதுவரை ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் கட்டில் கட்டிலாக நின்று, நோயாளிகளின் நிலைமையை அடுத்து வரும் நர்ஸிடம் வாயால் ஒப்பிக்க வேண்டும். இனி வார்டுக் கோடியில் உட்கார்ந்து தட்டிவிட்டால் போதும், வருகிறவள் படித்துக்கொள்வாள்.

"தொண்டத் தண்ணி வத்தாம வீட்டுக்குப் போகலாம்ல," என்றாள் ஐரின். கட்டில்களின் பக்கம் அந்தப் பேச்சே நின்றுபோனது.

அதற்கு மறுநாள்தான் முத்துப்பேச்சியை ஆறாம் கட்டிலில் சேர்த்தார்கள். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பாம்பு கடித்தவள். எழுதப் படிக்கத் தெரியாதவள். கண்ணே திறக்கவில்லை. பத்தாம் நாள், 'தேறமாட்டாள்' என்று தட்டிய ஐரின், மனசு கேட்காமல் அந்த வரியை அழித்தாள். பார்த்தவர் யாருமில்லை.

பன்னிரண்டாம் நாள் மதியம், ஐரின் கைப்பையை எடுக்கும்போது முத்துப்பேச்சி விழித்தாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். பிறகு நாலாம் கட்டிலுக்கு என்றைக்கு எவ்வளவு காய்ச்சல், ஒன்பதாம் கட்டிலுக்கு எத்தனை பாட்டில் ஏறியது என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினாள். ஐரின் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"யாரும்மா இதெல்லாம் உங்ககிட்ட சொன்னது?"

"நீங்கதான் தாயி. தெனமும் சொல்லிட்டுத்தான போவீக."

ஐரின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். முத்துப்பேச்சி அந்த விரல்களைப் பிடித்தாள்.

"முந்தாநாளு, நான் தேறமாட்டேன்னு சொல்லிட்டு, ஒடனே இல்லைன்னுட்டீக. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்."