ஓடைக்குள் ஆஷ்லி

பெங்களூருவின் விளிம்பில், மாநகராட்சியும் சேர்க்காத, பஞ்சாயத்தும் ஏற்காத சின்னக் குடியிருப்பு அது. மூன்று பக்கமும் கரும்பாறை, நாலாவது பக்கம் ஏரிக்கரை. எங்கே மழை பெய்தாலும் தண்ணீர் இந்தப் பள்ளத்துக்குத்தான் வந்து சேரும். இப்போது இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. வடக்கே மட்டும் வானம் கறுத்துக் கிடக்கிறது. ஏரியிலிருந்து இறங்கும் ஓடையின் சிறுபாலத்தின் மேல் ஐரின் நிற்கிறாள். கீழே வறண்ட ஓடைக்குள் அவள் கணவன் ஆஷ்லி, மேயக் கட்டியிருந்த மாட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, முளையில் இறுகிய முடிச்சோடு மல்லுக்கட்டுகிறான். பாலத்தின் கைப்பிடி அவள் உள்ளங்கைக்குள் மெல்ல அதிர்கிறது. "ஏங்க, ஏரி ரொம்பி வழியுது! மேல வாங்க!" "ஒரு நிமிஷம் இரு, அவுந்துடும்." "மாடு போனா போவட்டும்ங்க!" வளைவைத் தாண்டிச் செந்நிறத் தண்ணீர், முள்ளும் சருகுமாகச் சுருண்டு வருகிறது. முழங்கால் வரை ஏறிய வேகத்தில் ஆஷ்லி தடுமாறி விழுகிறான். மிரண்ட மாடு ஒரே இழுப்பில் முளையைப் பிடுங்கிக்கொண்டு கரையேறுகிறது. கயிற்றை விடாத அவனும் சேற்றில் இழுபட்டு மேலே வந்து விழுகிறான். ஐரின் ஓடிப்போய் அவன் சட்டையைப் பற்றுகிறாள். திட்ட வாய் திறந்தவள், அவனை இன்னும் மேட்டுக்கு இழுக்கிறாள். தண்ணீர் பாலத்தின் மேல் ஏறி ஓடுகிறது. அவள் பிடி தளரவில்லை.