பூஞ்சை வளர்ந்த தட்டு

கல்லூரி வாசலில் இருந்த விக்டோரியாவின் மீன்கடையை மூட, முதல்வருக்கு வெறும் நாற்றம் போதவில்லை. விஞ்ஞானம் தேவைப்பட்டது.

ஆய்வு மாணவி ரெஜிஷா மீன்கடையில் ஒரு பெட்ரி தட்டையும், ஒப்பிட வேறோர் இடத்தில் இன்னொன்றையும் திறந்துவைத்தாள். காற்றிலிருந்து விழுந்த பூஞ்சை வளர்ந்ததும், இரண்டையும் முதல்வரிடம் எடுத்துவந்தாள். ஒன்றில் நாலே புள்ளி. மற்றதில் எண்ணி மாளாத பச்சையும் கறுப்பும்.

முதல்வர் மூக்கைப் பொத்தினார். "பாத்தியா லட்சணத்த? இதுல மனுசன் இருப்பானா?"

"கஷ்டம்தான் சார்."

"அந்த எடத்த இன்னைக்கே பூட்டி, சாவிய எங்கிட்ட கொண்டா."

"பூட்டிரலாம் சார். நீங்க கொஞ்சம் வெளிய வரணும்."

"நான் எதுக்கு?"

"மீன்கடையில வச்சது அந்த நாலு புள்ளித் தட்டு சார். கடல்காத்து அடிக்குல்லா. இது ஒங்க ஏசிக்குக் கீழ வச்சது."