மனதாரச் சொன்னால் அரிசி

ரேஷன் கடை இயந்திரம் இப்போதெல்லாம் கைரேகை கேட்பதில்லை. அதன் முன் நின்று, “என் நிலைமைக்கு நானே பொறுப்பு” என்று மனதாரச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அரிசி விழும்.

சிற்சபேசன் இரண்டு முறை சொல்லிவிட்டார். பொருளாதார மந்தத்தில் வேலை போகும்வரை பெரிய கம்பெனியின் துணைத் தலைவர். குரல் கணீரென்றுதான் வந்தது.

“உள்ளத்திலிருந்து வரவில்லை. கடைசி வாய்ப்பு. தவறினால் அடுத்த மாதம் வரவும்” என்றது இயந்திரம்.

“வரி கட்டினவன்யா நான்! இவங்கள மாதிரி ஓசிக்கா வந்திருக்கேன்? இது என் உரிமை!”

பின்னால் நின்ற பூக்காரம்மா, “லேசா அழுதுகிட்டே சொல்லு சார், எடுத்துக்கும். நான் மாசாமாசம் அப்படித்தான் வாங்குறேன்” என்றாள்.

வீட்டில் நேற்றே அரிசி தீர்ந்திருந்தது. கூட வந்திருந்த மனைவி பூரணி அவரை நகர்த்திவிட்டு இயந்திரத்தின் முன் நின்றாள்.

“என் நிலைமைக்கு நானே பொறுப்பு. எங்கப்பா தலபாடா அடிச்சுக்கிட்டாரு. நான்தான், கட்டினா இவரத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னேன்.”

“ஏற்கப்பட்டது” என்ற இயந்திரம், மூன்று மாத அரிசியைச் சேர்த்தே கொட்டியது. சிற்சபேசன் இரண்டு கைகளாலும் பையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.